கால் அணாக் கலை

கலை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் கோயிற் கோபுரமும், செப்புத் திருமேனியும், சுவரோவியமும் வந்து நிற்கின்றன. அவையெல்லாம் அரசரும் செல்வரும் பொருள் கொடுத்துச் செய்வித்தவை. சிற்பியரும் ஓவியரும் தம் வாழ்நாளையே செலவிட்டுச் செய்தவை. செய்விப்பார் எவருமின்றி, கலை செய்கின்றோம் என்னும் எண்ணமும் இன்றி, எளிய மக்களின் கையால் நாள்தோறும் தோன்றிய கலைப்பொருள் ஒன்றும் நம் நாட்டில் இருந்தது. அதன் விலை ஒரு காலத்தில் கால் அணா. மக்கள் அதனைக் 'கார்டு' என்றனர். ஏடுகள் 'அஞ்சலட்டை' என்றன. கையால் எழுதப்பெற்று, முத்திரை குத்தப்பெற்று, ஊர்விட்டு ஊர் சென்று, இன்று பழம்பெட்டிகளின் அடியில் பழுப்பேறிக் கிடக்கும் அவ்வட்டைகளின் அழகினையே இங்கு நாம் காணப் புகுகின்றோம்.

அஞ்சலட்டை பிறந்த நாடு ஆஸ்திரியா. எம்மானுவேல் ஹெர்மன் என்னும் பொருளியல் ஆசிரியர் 1869ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தித்தாள் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். நாலு வரிச் செய்திக்காக ஒருவர் தாள் எடுத்து எழுதி, மடித்து, உறையிலிட்டு, ஒட்டி அனுப்புவது வீண் உழைப்பு என்பது அவர் கருத்து. உறையில்லாத அட்டை ஒன்றே போதும் என்றார் அவர். முகவரியும் கையொப்பமும் உட்பட இருபது சொற்களுக்கு மேற்படலாகாது என்று ஒரு வரையறையும் கூறினார். சொற்கணக்கை அரசினர் ஏற்கவில்லை. அட்டையை ஏற்றுக்கொண்டனர். 1869 அக்டோபர் முதல் நாள் அது வெளிவந்தது. பத்தாண்டு கழிந்து, 1879 ஜூலை முதல் நாள், இந்தியாவிலும் அட்டை வழக்கிற்கு வந்தது. விக்டோரியா அரசியின் தலை பொறித்த பக்கத்தில் முகவரி ஒன்றையே எழுதலாம்; செய்திக்கு மறுபக்கம் மட்டுமே உரியது. முகவரிப் பக்கத்தின் இடப்பாதி எழுதுவோர்க்குக் கிடைத்தது பிற்காலத்தில்தான். நாம் பரவலாகக் கண்ட அட்டையின் நீளம் 14 செ.மீ.; அகலம் 9 செ.மீ. விரித்த கையில் அடங்கிவிடும்.

இடம் குறைவு, மறைக்க உறையும் இல்லை. இவ்விரண்டும் குறைகள் போலத் தோன்றும். என் கருத்தில், அட்டைக்கு அழகு தந்தவையே இவை. ஏழு சீர் என்னும் எல்லை இல்லையேல் குறட்பாவுக்கு அச்செறிவு வாய்த்திருக்குமா? இடம் குறுகும்போது கை ஒழுங்கு கற்கின்றது. பிறர் கண் படும் என்று அறிந்தபோது சொல் நயம் கற்கின்றது. இவ்விரண்டையும் வரும் பகுதிகளில் மனத்திற் கொள்க.

அஞ்சலட்டையில் ஓவியர் தீட்டிய ஓவியங்களும் உண்டு. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைமை ஆசிரியராய் விளங்கிய நந்தலால் போசு (1882–1966) பயணம் செல்லும்போதெல்லாம் வெற்று அட்டைகளை உடன் கொண்டு செல்வார். மரம், படகு, பறவை, வழிப்போக்கர் என்று கண்ணிற் பட்டதைச் சில கோடுகளில் வரைந்து மாணவர்க்கும் நண்பர்க்கும் அஞ்சலில் அனுப்பிவிடுவார். ஜெர்மானிய ஓவியர் பிரான்சு மார்க் என்பவரும் அவ்வாறே, எல்சே லாஸ்கர் ஷ்யூலர் என்னும் பெண்பாற் கவிஞர்க்கு 28 அட்டைகள் தீட்டி அனுப்பினார். அவற்றுள் ஒன்று 1913ஆம் ஆண்டின் புத்தாண்டு வாழ்த்து. நீலக் குதிரைகள் நான்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம் போல் எழுந்து நிற்கும் காட்சி அதில் உள்ளது. அதே காட்சியை அவ்வாண்டிலேயே அவர் இரண்டு மீட்டர் உயரமுள்ள பெரும்படமாகவும் தீட்டினார். பெரும்படம் பெர்லின் நகரக் காட்சிக்கூடத்தில் இடம்பெற்றது. நாட்சிகள் ஆட்சியில் இழிந்த கலை என்று தூற்றப்பெற்று அங்கிருந்து அகற்றப்பட்டது. 1945ஆம் ஆண்டிற்குப்பின் அது எங்குள்ளது என்பது எவர்க்கும் தெரியவில்லை. ஓவியரோ 1916ஆம் ஆண்டிலேயே வெர்தூன் போர்க்களத்தில் மாண்டுவிட்டார். கவிஞரின் கையிற் சேர்ந்த சிறிய அட்டை மட்டும் இன்றும் மியூனிக் நகரில் உள்ளது.

ஆயினும், ஓவியர் தீட்டிய அட்டையைக் கலை என்று ஒப்புவது எளிது. அதனை எவரும் மறுக்கமாட்டார். தூரிகையைத் தொட்டறியாத உழவரும், வணிகரும், பள்ளி ஆசிரியரும், வீட்டுப் பெண்டிரும் எழுதிய அட்டையில் என்ன கலை உண்டு என்பதே வினா.

எழுதப்பெற்ற முடங்கலில் எழுதினாரின் உயிர்ச்சாயல் தங்கும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சிலப்பதிகார வேனிற்காதையில் மாதவி, தாழை மடலை ஏடாகவும் பித்திகை அரும்பை எழுதுகோலாகவும் செம்பஞ்சுக் குழம்பை மையாகவும் கொண்டு கோவலனுக்கு எழுதுகிறாள். அவன் அதனை வாங்க மறுக்கிறான். பின்னர், மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் மற்றோர் ஓலையைக் கொணர்ந்து கொடுக்கும்போது, கோவலன் படிக்கும் முன்னரே ஓலையின் இலச்சினையில் பதிந்திருந்த கூந்தலின் மணம் அவனுக்குப் பழைய நாள்களை உணர்த்திவிடுகிறது. சொல் பேசுமுன் ஓலை பேசிவிட்டது. காவியத்தில் வரும் இச்செய்தியைக் கற்பனை என்று நான் தள்ளமாட்டேன்.

1960களின் இறுதியில், யான் பள்ளியிற் பயின்ற காலத்தில், எங்கள் தெருவில் எழுத்தறியாதார் பலர் இருந்தனர். அவர்கட்கு அட்டை எழுதிக் கொடுப்பது என் மாலைப் பொழுதின் வேலை. மகனைப் பம்பாய்க்கு அனுப்பியிருந்த மூதாட்டி ஒருவர் கால்நாழிகை விடாது பேசுவார். யான் அதனைப் பத்து வரியாக்குவேன். எழுதி முடித்ததும் படித்துக்காட்டச் சொல்வார். "ஏன் தம்பி, நான் சொன்னது அவ்வளவும் இதுக்குள்ளே அடங்கிப்போச்சா?" என்று வியப்பார். பின்னர்த் தம் பெருவிரலை மையில் தொட்டு அட்டையின் மூலையில் ஒற்றுவார். அஞ்சலகத்தில் அதனை எவரும் கேட்கவில்லை. சட்டமும் அதனை வேண்டவில்லை. "எழுத்து உன்னுது. இதைப் பார்த்தாத்தான் அவனுக்கு நான்னு தெரியும்" என்பது அவர் விடை. அவர் சிலப்பதிகாரம் கேட்டறியாதவர்.

இனி, எழுத்தின் வடிவைக் காண்போம். அஞ்சலட்டை வழக்கிற்கு வந்த காலத்தில் தமிழ்நாட்டில் எழுதத் தெரிந்தோர் பெரும்பாலும் திண்ணைப் பள்ளியிற் பயின்றவர். மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலையில் எழுத்தாணி பிடித்தவர் அவர். ஓலையில் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும். ஆதலால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடாமலே எழுதுவர். என் பாட்டனார் அவ்வழியில் வந்தவர். எஃகு முனைப் பேனாவும் மைக்கூடும் கையிற் கிடைத்த பின்னரும் அவர் கை ஓலையை மறக்கவில்லை. அவர் எழுதிய அட்டைகளில் புள்ளி இல்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வேற்றுமை இல்லை. எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்று இடம் நோக்கியே உணரவேண்டும். சொற்களுக்கிடையே இடைவெளியும் அரிது. ஒரே இழையில் கோத்த மணிகள்போல் எழுத்துகள் ஒன்றையொன்று பற்றிச் செல்லும். முதன்முறை காண்பார்க்கு அது கோலம்போலத் தோன்றும். படிக்கப் படிக்கப் பேச்சாக மாறும். அச்செழுத்தில் இந்த மாற்றம் நிகழ்வதில்லை. அச்சில் நாம் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, பொருளை மட்டுமே பார்க்கின்றோம்.

அக்கால எழுத்தின் அழகிற்குத் துணைசெய்தவை கூட்டெழுத்துகளும் குறியீடுகளும். ஆண்டினை ௵ என்றும், மாதத்தை ௴ என்றும், நாளினை ௳ என்றும் குறிப்பர். மேற்படி என்பதற்கு ௸ என்ற குறியும், ரூபாய்க்கு ௹ என்ற குறியும் உண்டு. ஒரு சொல்லை ஒரே வீச்சில் எழுதி, வாலை நீட்டி வளைத்துவிடும் இக்குறிகளில் எழுதுவாரின் கைத்திறம் நன்கு விளங்கும். கணக்கெழுதிப் பழகிய வணிகர் கையில் ௹ என்னும் குறி பாய்ந்து செல்லும் குதிரைபோல் இருக்கும். ஆசிரியர் கையில் அதுவே அடக்கமாய் அமர்ந்திருக்கும். ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் அந்நாளில் யானை துதிக்கையைத் தூக்கினாற்போன்ற வளைவை முன்னே கொண்டிருந்தன. ணா, றா, னா ஆகியவற்றின் காலும் தனியே நில்லாமல் எழுத்தோடு ஒட்டிச் சுழிந்து கீழிறங்கும். பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் தம் 'குடிஅரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டில் ஆணையிட்டு ஏற்றது. பதின்மூன்று எழுத்துகள் புதுவடிவம் பெற்றன. கற்பார்க்கும் அச்சிடுவார்க்கும் அது பெருநன்மையே. யானும் அவ்வடிவிலேயே மாணவர்க்குக் கற்பித்தேன். எனினும், ஓர் அட்டையில் தேதி அழிந்திருந்தாலும் துதிக்கை வளைவு இருக்குமாயின், எழுதியவர் அவ்வாணைக்கு முன்னர் எழுதப் பழகியவர் என்று துணிந்து கூறலாம். பலர் இறுதிவரை பழைய வளைவையே எழுதினர். ஆணை அச்சகத்திற்குச் சென்ற வேகத்தில் கைக்குச் செல்வதில்லை.

அட்டையில் எழுத்தை அமைக்கும் முறைக்கும் ஓர் இலக்கணம் இருந்தது. தலையில் நடுநாயகமாகப் பிள்ளையார் சுழி. அதன்கீழோ அருகிலோ எழுதுவாரின் நெறிக்கேற்பச் 'சிவமயம்' என்றோ 'ஸ்ரீராமஜெயம்' என்றோ ஒரு சொல் இருக்கும். இசுலாமியர் 786 என்னும் எண்ணை எழுதுவர். கிறித்தவர் சிலுவைக் குறியிடுவர். தமிழியக்கத்தார் 'தமிழ் வாழ்க' என்று தொடங்குவர். வலப்புறம் ஊரும் நாளும், இடப்புறம் விளி. அதன்பின், "நலம், நலமறிய அவா" என்னும் வழிமொழி. இவ்வளவும் முடியும்போதே அட்டையில் நான்கிலொரு பங்கு சென்றிருக்கும். எஞ்சிய இடத்தில்தான் வயலில் தண்ணீர் பாய்ந்தது முதல் பெண் பார்த்தது வரை யாவும் அடங்கவேண்டும். ஆகவே, தொடக்கத்தில் அகன்று நிற்கும் வரிகள் கீழே செல்லச் செல்ல நெருங்கும்; எழுத்தும் சிறுக்கும். மேலே பெரிய எழுத்தும் கீழே நுண்ணிய எழுத்துமாய் அமைந்த அவ்வட்டையைத் தொலைவில் வைத்து நோக்கினால், நீண்டு செல்லும் சாலையைப் பார்ப்பது போலிருக்கும்.

கையொப்பம் இட்ட பின்னும் செய்தி முடிவதில்லை. அப்போது அட்டையைத் திருப்பி, இட ஓரத்தில் ஒரு வரி எழுதுவர். மீண்டும் திருப்பித் தலைப்பில் பிள்ளையார் சுழிக்கு இருபுறமும் ஒரு வரி. பின்னர் வல ஓரத்தில் ஒரு வரி. இவ்வாறு நாற்புறமும் சூழ்ந்த வரிகளைப் படிக்க அட்டையைக் கையில் சுழற்ற வேண்டும். சேலைக்குக் கரைபோலவும், வாயிற்கோலத்தைச் சுற்றி இழுத்த காவிக் கோடுபோலவும் அவை அமையும். நிறைந்த அட்டையே அழகிய அட்டை என்று யான் கருதுகின்றேன். பாதி வெறுமையாய் விட்ட அட்டையில் கையெழுத்து முத்துப்போல் இருந்தாலும் அதில் ஏதோ ஒரு குறை தோன்றும், பெற்றவர் வீட்டிலும், "வேறொன்றும் எழுதவில்லையா?" என்று திருப்பிப் பார்ப்பர்.

மையின் அழகும் சொல்லத்தக்கது. தொட்டெழுதும் பேனாவில் மை நிறைந்திருக்கும்போது எழுத்துக் கறுத்து நிற்கும். ஏழெட்டுச் சொற்கள் சென்றபின் வெளிறும். மீண்டும் மை தொட்டதும் கறுக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே எழுதியவர் எங்கே நின்றார், எங்கே விரைந்தார் என்று அறியலாம். ஊற்றுப்பேனா வந்தபின் இவ்வேறுபாடு குறைந்தது. பந்துமுனைப் பேனா அதனை அறவே நீக்கிவிட்டது. காபியிங் பென்சில் என்று வழங்கிய எழுதுகோல் ஒன்றும் இருந்தது. உலர்ந்த நிலையில் சாம்பல் நிறமாய் எழுதும். ஈரம் பட்டால் ஊதா நிறமாய் மாறிவிடும். அதனால் எழுதிய அட்டையில் மழைத்துளி விழுந்த இடம் ஊதாப்பூ மலர்ந்தாற்போல் இருக்கும். எல்லாத் துளியும் மழைத்துளி என்று கூறுவதற்கில்லை.

இவற்றின்மேல் அஞ்சலகத்தார் தம் பங்கிற்கு வட்ட முத்திரையைக் குத்துவர். அனுப்பிய ஊரின் முத்திரை ஒன்று. சேர்ந்த ஊரின் முத்திரை ஒன்று. கைவேகத்தில் ஒன்று தெளிவாகவும் மற்றொன்று பிறைநிலவாகவும் விழும். தபால்தலை திரட்டுவோர் இம்முத்திரைகளுக்கே விலை வைப்பர். சிலர் தபால்தலைப் பகுதியை மட்டும் சதுரமாக வெட்டியெடுத்துக்கொண்டு எஞ்சிய அட்டையை எறிந்துவிடுவதையும் கண்டிருக்கின்றேன். கண்ணைத் தோண்டிக்கொண்டு முகத்தை எறிவது போன்ற செயல் அது.

இதுகாறும் கண்ணுக்குப் புலப்படும் அழகைக் கூறினோம். உறையின்மையால் விளைந்த சொல்லழகே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது. அஞ்சலட்டையை எழுதுவோர்க்கும் பெறுவோர்க்கும் இடையே பலர் நிற்பர். எழுதிய வீட்டின் பெரியவர் பார்ப்பார். அஞ்சற்காரர் பார்ப்பார், பல ஊர்களில் அவரே படித்துக் காட்டவும் வேண்டும். பெற்ற வீட்டில் அதனைத் தெருத்திண்ணையிலேயே உரக்கப் படிப்பர். ஆகவே கமுக்கமான செய்தியை எழுதுவோர், "முன்பு பேசிய காரியம் பழுத்துவிட்டது" என்பர். "மேற்படி ஆள் வந்து போனார்" என்பர். அதற்கும் அஞ்சினால், "மற்றவை நேரில்" என்று நிறுத்திவிடுவர். இந்த 'மற்றவை நேரில்' என்னும் இரு சொற்களுக்குள் எத்தனை வழக்குகள், எத்தனை மனத்தாங்கல்கள், எத்தனை திருமணப் பேச்சுகள் அடங்கியிருந்தன என்பதைப் பெற்றவர் மட்டுமே அறிவர்.

என்னிடம் ஓர் அட்டை உள்ளது. என் அத்தையார், அதாவது என் தந்தையாரின் தமக்கையார், 1957ஆம் ஆண்டில் மணமாகிச் சென்ற ஊரிலிருந்து தம் அன்னையார்க்கு எழுதியது. மைப்பேனாவால் எழுதிய பதினொரு வரிகள். எழுத்துகள் நாற்றுநட்ட வயல்போல் வரிசையாய் உள்ளன. எல்லாரும் நலம், மாமியார் தம்மை மகள்போல் வைத்திருக்கிறார், இவ்வூர்க் கிணறு ஆழம், மழை இல்லை, தம்பியை நன்றாகப் படிக்கச் சொல்லவும், இங்ஙனம் அன்பு மகள். இவ்வளவே செய்தி. ஆனால், இட ஓரத்தில், தலைகீழாக, பென்சிலால் எழுதிய வரி ஒன்று காணப்படுகின்றது. வீட்டுச் செவலைப் பசு கன்று ஈன்றதா என்றும், கன்றைத் தாயிடமிருந்து பிரித்து வேறிடத்தில் கட்டவேண்டா என்று அப்பாவிடம் சொல்லவேண்டும் என்றும் அவ்வரி கூறுகின்றது.

மையால் எழுதிய பகுதியை மாமனார் படித்துத் திருப்பிக் கொடுத்தபின் இவ்வரியை எழுதியிருத்தல் வேண்டும். அஞ்சற்பெட்டிக்குச் செல்லும் முன் கிடைத்தது பென்சில் ஒன்றே போலும். எவர் படித்தாலும் அதில் குற்றங்காண ஒன்றும் இல்லை; மாட்டைப்பற்றிய பேச்சுத்தானே! என் பாட்டியார்க்கு எழுத்துத் தெரியாது. அஞ்சற்காரர் படிக்கக் கேட்டவர், கன்றைப்பற்றிய வரி வந்ததும் எழுந்து உள்ளே சென்றார் என்றும், மறுநாள் விடியுமுன் வண்டி கட்டிக்கொண்டு மகள் ஊருக்குப் புறப்பட்டார் என்றும் எங்கள் வீட்டில் கூறுவர். அப்போது வீட்டுச் செவலை சினையாகவே இல்லை. அகப்பொருள் நூல்களில் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் ஆசிரியர்கள் விளக்கும் முறையைப் பல்லாண்டு பாடம் சொல்லியிருக்கின்றேன். ஐயம் எழுப்பும் மாணவர்க்கு இவ்வட்டையையே எடுத்துக்காட்டுவேன். அத்தையார் படித்தது ஐந்தாம் வகுப்பு.

அட்டைக்குரிய வழக்காறுகளும் சில உண்டு. திருமணம் முதலிய மங்கலச் செய்தியாயின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவர். படிக்கத் தெரியாதாரும் மஞ்சளைக் கண்டதும் மகிழ்வர். சாவுச் செய்தி தாங்கிய அட்டையைப் படித்தவுடன் கிழித்து எறிந்துவிடுவர். வீட்டில் வைத்திருத்தல் ஆகாது என்பது நம்பிக்கை. மற்றவற்றை வளைந்த இரும்புக் கம்பியில் குத்திக் கோத்துச் சுவரில் மாட்டுவர். பழைய அட்டைகளின் நடுவே காணப்படும் துளை அக்கம்பியின் துளையே. சாவோலைகள் கிழிக்கப்பட்டமையால், கம்பியில் எஞ்சிய அட்டைகளை மட்டும் நம்பி ஒரு குடும்ப வரலாற்றை எழுதப் புகுந்தால், அக்குடும்பத்தில் எல்லாரும் பிறந்தனர், படித்தனர், மணந்தனர், ஒருவரும் இறக்கவில்லை என்றே எழுதவேண்டி வரும்!

கையெழுத்தின் சிறப்பைப் பெரியோர் பலர் உணர்ந்திருந்தனர். அஞ்சலட்டையைப் பெரிதும் பயன்படுத்தியவர் காந்தியடிகள். வலக்கை ஓய்ந்தால் இடக்கையால் எழுதுவார். தம் கையெழுத்து நன்றாக அமையவில்லை என்று தன்வரலாற்றில் வருந்தும் அவர், சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்கும் முன் ஓவியம் கற்பிக்க வேண்டும் என்றும் கூறுகின்றார். பறவையையும் பூவையும் பார்த்து வரைவதுபோல் எழுத்தையும் பார்த்து வரையக் குழந்தை கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. எழுத்தாளர் வல்லிக்கண்ணன் (1920–2006) இளம் எழுத்தாளர் பலர்க்குக் கடிதம் எழுதியே ஊக்கமளித்தார். தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்ததில் டாக்டர் உ.வே. சாமிநாதையர்க்கு (1855–1942) ஒப்பாரைக் காண்டல் அரிது. 1877 முதல் 1900 வரை அவர்க்கு வந்த கடிதங்கள் இன்று நூலாகவும் வெளிவந்துள்ளன. சுவடி தேடியவர் கைக்கடிதத்தையும் சுவடியாகவே கருதினார் எனலாம்.

ஐயரவர்கள்போல் பேணுவார் எல்லா வீட்டிலும் இல்லை. முதியோர் மறைந்தபின் வீட்டை இடித்துக் கட்டும்போதும், போகி நாளிலும், கம்பியோடு எரியூட்டப்படும் அட்டைகள் பல. 'அச்சில் வந்த நூலா? அரசன் ஆவணமா? நலம் நலமறிய அவா என்று எழுதியதுதானே!' என்பர். நூலாயின் மற்றொரு படி எங்கேனும் கிடைக்கும். அட்டைக்கு மறுபடி இல்லை. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பெயர் பெறாத மக்கள் தம் கையால் விட்டுச் சென்ற எழுத்து பெரும்பாலும் இவ்வளவே.

ஆகவே, உங்கள் வீட்டில் இத்தகைய அட்டைகள் இருப்பின் அவற்றைக் காக்கும் முறையைச் சொல்லி வைக்கின்றேன். வெயில் படும் சுவரில் சட்டமிட்டு மாட்டுதல் கூடாது, மை வெளிறிவிடும். கிழிசலை ஒட்டுநாடாவால் ஒட்டுதல் ஆகாது. நாளடைவில் பசை மஞ்சளித்து எழுத்தை உண்ணும். லாமினேஷன் என்று கூறிச் சூட்டில் நெகிழி பூசுவதோ மீட்க முடியாத கேடு. உலர்ந்த இடத்தில், தூய தாள்களுக்கிடையே படுக்கை நிலையில் வைத்தல் நன்று. இரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்க. முகவரிப் பக்கத்தை விட்டுவிடுவோர் பலர். நாளும் ஊரும் அப்பக்கத்து முத்திரையில்தான் இருக்கும். எழுதியவர் யார், பெற்றவர் யார், 'செவலை' என்பது எது என்பதையெல்லாம் வீட்டு முதியோரிடம் கேட்டுத் தனித்தாளில் கரிக்கோலால் குறித்து உடன் வைத்திடுக. கேட்பதை மட்டும் அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளி வைக்கவேண்டா. புள்ளியில்லா எழுத்தைத் தடையின்றிப் படிக்கவல்லவர் எங்கள் ஊரில் மூவர் இருந்தனர். இப்போது ஒருவர் உள்ளார்.